அதட்டினால் திருந்துவார்களா? வழிமாறும் பிள்ளைகளுக்கு எந்தத் திட்டம் கைகொடுக்கும்?

‘அடியாத மாடு படியாது’ என்பது இன்னும் பல வீடுகளில் புழங்கும் பழமொழி. படிப்பை விட்டு நின்ற, போதைப் பக்கம் சாய்கிற, சின்னச் சின்ன வழக்குகளில் சிக்குகிற பிள்ளைகளுக்கு இதுதான் மருந்தா?

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது?

● சிற்பி: 2022 செப்டம்பர் 14-ல் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சென்னையில் 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர் என 5,000 எட்டாம் வகுப்பு மாணவர்கள். ஒதுக்கீடு 4.25 கோடி ரூபாய். கேரளத்தில் 2010-ல் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம் இதற்கு முன்னோடி.

● காவல் சிறார் சிறுமியர் மன்றங்கள்: குடிசைப் பகுதிகளில் மாலை நேர டியூஷன், கேரம், விளையாட்டுப் பயிற்சி.

● சட்டம்: 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, தவறு செய்த சிறுவரை இல்லத்துக்கு அனுப்புவது மட்டுமே வழியில்லை. குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்றும் உத்தரவிடலாம்.

பயமுறுத்தினால் பலன் உண்டா?

இல்லை என்கின்றன ஆய்வுகள். 1970-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப்போய்க் கைதிகளை வைத்து மிரட்டினார்கள். இந்த மாதிரித் திட்டங்களைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்ததில், மிரட்டப்பட்டவர்கள்தான் அதிகம் தவறு செய்தார்கள்! சும்மா விட்டிருந்தாலே தேவலை. ராணுவ பாணி முகாம்களிலும் ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை.

அப்போ எது வேலை செய்தது?

சிகாகோ பள்ளிகளில் நடந்த ‘பிகமிங் எ மேன்’ திட்டம். இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்து, ஒருவர் கையில் பந்து. 30 விநாடிக்குள் மற்றவர் அதை வாங்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் பிடுங்கத்தான் பார்ப்பார்கள். ‘கொஞ்சம் கொடேன்’ என்று கேட்கத் தோன்றாது. கை ஓங்கும் முன் ஒரு நொடி யோசி என்பதுதான் பாடம். திட்டக் காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50% வரை குறைந்தன. ஆனால் முதல் ஆய்வில், திட்டம் முடிந்ததும் அந்தப் பலன் நீடிக்கவில்லை. எனவே, ஒரு வருடத்தோடு கைவிட்டால் போதாது.

ஏற்காட்டுக்கு எது பொருந்தும்?

சென்னை மாதிரியை அப்படியே மலையேற்ற முடியாது. மலைக் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி விட்டதும் பஸ்ஸைப் பிடிப்பதே பெரிய கவலை. மாலை வகுப்பு வைத்தால் யார் தங்குவார்? காபி பறிக்கும் பருவத்தில் பெற்றோர் எஸ்டேட்டில் இருப்பார்கள். சுற்றுலாக் கூட்டம் வந்தால் ஒண்டிக்கடைப் பக்கம் கைக்காசு தரும் வேலை இழுக்கும்.

பள்ளி வழியாக மட்டும் ஆள் எடுத்தால், ஏற்கெனவே பள்ளியை விட்டு நின்றவர் கணக்கிலேயே வரமாட்டார். ஆசிரியர் தேர்ந்தெடுத்தால், ஒழுங்கான பிள்ளைகளே முன்வரிசைக்கு வரும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஒரு திட்டத்தை எடைபோடக் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள்: யாரைச் சேர்த்தார்கள், வாராவாரம் அதே ஆள் வருகிறாரா, எத்தனை வருடம் தொடர்வார்கள்? சீருடையும் அணிவகுப்பும் அதற்குப் பிறகுதான்.