சேறு விளையாட்டும் தோட்டப் பாதையும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை, ஓப்பநாயக்க, பலாங்கொடை என மலையேறும் ஏ4 நெடுஞ்சாலையில் நீண்ட விடுமுறை நாள்களில் பயணம் செய்தவர்கள் கண்டிருக்கக்கூடும். லொறியின் முதுகில் ஏற்றப்பட்டோ, பின்னால் கொளுவி இழுக்கப்பட்டோ, இடுப்பளவு டயர்களுடன் ஜீப்புகள் பவனி போகின்றன. நன்றாக ஓடக்கூடிய வண்டியை ஏன் சுமந்து செல்ல வேண்டும்? தார் வீதியில் ஓடினால் அந்த விலையுயர்ந்த டயர்கள் தேய்ந்துவிடுமாம். சேற்றில் அச்சு முறிந்தால் வீடு திரும்ப வழி வேண்டுமாம். சேற்றில் புரள்வதற்காக நூறு மைல் தூரம் சேறுபடாமல் வருகிறார்கள்!

இந்தக் கேளிக்கை நமது மண்ணில் பிறந்ததன்று. கலிபோர்னியாவின் ரூபிகன் மலைத்தடத்தில் 1953ஆம் ஆண்டு ஜீப் உரிமையாளர்கள் திரளாகக் கூடினார்கள். யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரில் 1967 முதல் ஈஸ்டர் காலத்தில் இத்தகைய கூட்டம் நடக்கிறது; வண்டியை இழுத்துக்கொண்டு பல மாநிலங்களைக் கடந்து வருகிறவர்கள் உண்டு. ஆனால் அங்குள்ள தடங்கள் பெரும்பாலும் அரச நிலத்திலுள்ள பாறை வெளிகள். அனுமதி பெற்று, குறிக்கப்பட்ட தடத்தில் ஓட்டுகிறார்கள். அதில் எனக்கு வழக்கில்லை.

நமது நாட்டில் இவர்கள் ‘பாதையில்லாப் பாதை’ என்று கொண்டாடுவது எதை? பல இடங்களில் தோட்டப் பாதையை. கொழுந்து மூட்டை ஏற்றிய டிராக்டரும், பாடசாலைப் பிள்ளைகளும், பிரசவ வலியெடுத்த பெண்ணைச் சுமந்த லொறியும் போகும் பாதை அது. லயங்களில் வாழும் மக்களுக்கு வேறு பாதை கிடையாது.

அது ஏன் ஒழுங்கான பாதையாகவில்லை என்பதற்குச் சட்டப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கு நடைமுறையில் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளர் வாக்களித்தார்கள். வென்றவர்கள் சபையில் அமர்ந்தார்கள். ஆனால் வாக்களித்தவர்களின் லயத்துக்கு முன்னால் ஒரு கல் பதிக்க அந்தச் சபையால் முடியவில்லை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! இதே ஓப்பநாயக்க வரை வெள்ளையர் ஆட்சி தேயிலையையும் இறப்பரையும் இறக்குவதற்காக இரண்டரை அடி அகல ரயில் பாதை போட்டது. 1976இல் அதுவும் மூடப்பட்டது. சரக்குக்கு இருந்த மரியாதை அதை விளைவித்த ஆளுக்கு என்றைக்குமே இருக்கவில்லை. ஜீப் பிரியர்கள் வியந்து படமெடுக்கும் குண்டும் குழியும் இயற்கையின் கொடை அல்ல. அந்தப் புறக்கணிப்பின் மிச்சம்.

மழையில் ஊறிய மண்பாதையில் இருபது ஜீப்புகள் அடுத்தடுத்து ஏறினால் நடப்பது என்ன? டயர்கள் சுழன்று கிழித்த இரட்டைத் தடம் வாய்க்காலாகிறது. அடுத்த மழையில் தண்ணீர் பக்கக் கானை விட்டு நடுப்பாதையில் இறங்கி, மண்ணை அரித்துச் சென்று மதகை அடைக்கிறது. மதகு அடைபட்டால் நீர் சரிவுக்குள் புகும். சரிவுக்குக் கீழே இருப்பவை லயங்கள். இரத்தினபுரி மாவட்டத்தில் 2003 மேயிலும் 2017 மேயிலும் மண்ணுக்குள் புதைந்தவர்களை நாம் மறந்துவிட முடியுமா? விளையாட வந்தவர்கள் வின்ச் கம்பியை மரத்தில் கட்டி வண்டியை மீட்டுக்கொண்டு ஞாயிறு மாலையே போய்விடுகிறார்கள். திங்கள் காலை பெரட்டுக்குப் போகிற பெண் முழங்காலளவு சேற்றில் இறங்குகிறாள்.

வெள்ள காலங்களில் இத்தகைய வண்டிகள் நிவாரணப் பணிக்குச் சென்றதுண்டு என்பார்கள். உண்மை, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு நாள் செய்த உதவி மற்ற நாள்களுக்கு உரிமப் பத்திரமாகாது. கட்டுப்பாட்டை நாங்களே வைத்துக்கொள்வோம் என்றும் சொல்வார்கள். 2022 ஒக்டோபரில் யால தேசியப் பூங்காவுக்குள் ஒரு கூட்டம் ஜீப்புகளைத் தறிகெட்டு ஓட்டி, விவகாரம் நீதிமன்றம் வரை போனதை நாடே பார்த்தது. சட்டம் காக்கும் பூங்காவிலேயே அப்படியென்றால், கேட்பாரற்ற தோட்டத்தில்?

சட்டம் திருந்திய பிறகு பிரதேச சபைகளுக்குச் சாக்கு இல்லை. தோட்டப் பாதையில் இத்தகைய ஓட்டத்துக்குத் துரை மட்டும் தலையசைத்தால் போதாது. அங்கு வசிப்பவர்களின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கடும் மழை நாள்களில் அனுமதியே கூடாது. சபை வைப்புப் பணம் பெற்று, பாதை சீராக்கப்பட்ட பின்பே அதைத் திருப்பித் தர வேண்டும். ஜீப்பை நூறு மைல் சுமந்து வரச் செலவிடக்கூடியவர்களுக்கு இரண்டு லோட் கருங்கல் சல்லி பெரிய தொகையன்று.