கொட்டகையில் தூங்கும் ஹெரால்டு

"பழைய ஹெரால்டு மோட்டார் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பல வருஷங்களாகக் கொட்டகையில் கிடக்கிறதாம். வாங்கிச் சீர்படுத்தலாமா?"

வாசக அன்பர்களில் சிலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்கிற தோரணையைப் பார்த்தால், "பேஷாக வாங்கலாம்" என்னும் பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. கல்யாணத்துக்கு மண்டபமும் பிடித்து, மேளமும் பேசிவிட்டு, "ஜோசியரே, பொருத்தம் இருக்கிறதா பாரும்!" என்று கேட்கும் பெண்ணின் தகப்பனாருடைய மனோநிலை அது. ஆனாலும் பார்த்துச் சொல்லவேண்டியது நம் கடமை.

முதலில் வண்டியின் ஜாதகம். சென்னையில் 1948-ஆம் வருஷம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் கம்பெனி தோன்றியது. பெருங்களத்தூரில் அதன் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயருடன் வெளிவந்த வண்டியை, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கே செய்யத் தொடங்கினார்கள். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. என்ஜின் 948 சி.சி. ஆரம்பத்தில் இரண்டு கதவுகள்தான். பெரிய குடும்பங்கள் உள்ள தேசமல்லவா? பிற்பாடு நான்கு கதவுகள் வைத்துச் செய்தார்கள். அந்த நான்கு கதவு உருவம் இங்கிலாந்தில்கூடக் கிடையாது. அது நம்முடைய சொந்தச் சரக்கு. 1972-இல் கெஸல் என்னும் வண்டி ஹெரால்டின் இடத்துக்கு வந்தது. 1980-களின் இறுதியில் கம்பெனியின் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று.

ஆகவே, இன்று கிடைக்கும் ஹெரால்டு எதுவானாலும் ஐம்பது வயதைத் தாண்டியது. அது புழுதி படிந்து, எலி குடியேறி, நான்கு சக்கரங்களிலும் காற்றில்லாமல் நிற்கிறது. அதைப் பார்த்தவுடன் மனம் இளகுகிறது. அந்தச் சமயத்தில் பணப்பையைத் திறக்காமலிருப்பதே முதல் ஜாக்கிரதை.

★

இந்த வண்டியைச் சீர்படுத்துவதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அது ஒரு சங்கடத்திலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு மேற்கூடு செய்து கொடுத்துவந்த பிஷர் அண்டு லட்லோ என்னும் ஸ்தாபனத்தை, 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமற் போயிற்று. எனவே ஹெரால்டைப் பழைய முறைப்படி தனிச் சட்டம் ஒன்றின்மேல், துண்டு துண்டாகச் செய்த மேற்கூட்டைப் போல்ட்டுகளால் முடுக்கிக் கட்டினார்கள். அவர்களுடைய கஷ்டம் நமக்கு நன்மையாக முடிந்தது. போல்ட்டைக் கழற்றினால் மேற்கூடு தனியாகவும் சட்டம் தனியாகவும் வந்துவிடும். முன்பக்கத்து மூடியும் இருபுற மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முதலை வாயைப் போல் திறந்துகொள்ளும். என்ஜினைச் சுற்றி நின்று நாலு பேர் வேலை செய்யலாம்.

இதிலிருந்து, வாங்குகிறவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும். அடியிலுள்ள சேஸிஸ் என்னும் சட்டந்தான் இந்த வண்டிக்கு முதுகெலும்பு. அது நன்றாயிருந்தால் மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். அது செல்லரித்த பலகையாகிவிட்டிருந்தால், மேலே எத்தனை பெயிண்டு பூசினாலும் பயனில்லை.

விற்கிறவர் இதைப் பற்றிப் பேசமாட்டார். "ஸார், ஒரு பாட்டரி போட்டால் போதும், ஓடும்!" என்பார். "பாட்டரியைப் போட்டு ஓட்டித்தான் காட்டுங்களேன்" என்று சொன்னால், ஏதோ அவசர ஜோலி வந்துவிடும். அவர் வருவதற்குள் தரையில் ஒரு பழைய பாயை விரித்துப் படுத்து, கையில் டார்ச் விளக்கும் ஸ்குரூ டிரைவரும் வைத்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும், பின்பக்கத்துச் சட்ட முனைகளையும் குத்திப் பார்க்க வேண்டும். இரும்பானால் "டங்" என்று சொல்லும். துருவானால் ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கிவிடும்.

பிறகு சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, மேற்கூட்டின் கீழ் ஓரங்களில் நகர்த்துங்கள். எங்கே பிடிப்பு விட்டுப்போகிறதோ, அங்கே தகடு போய்விட்டது, பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தகட்டில் ஓட்டை இருப்பது குற்றமில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எத்தனை ஓட்டை என்று தெரியாமல் விலை பேசக்கூடாது.

★

என்ஜின் விஷயத்தில் ஆத்திரமே கூடாது. வெகுநாள் நின்ற என்ஜினில் பிஸ்டன் சிலிண்டருடன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வாங்கிய அன்றைக்கே நண்பர்களைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துவது, பட்டினி கிடந்தவனுக்குப் பந்தி விருந்து வைப்பதற்குச் சமானம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கையால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். என்ஜின் தங்குதடையில்லாமல் சுற்றினால் பாதி பாரம் இறங்கிவிட்டது.

டாங்கியிலுள்ள பழைய பெட்ரோல் கெட்டு, பிசினாகியிருக்கும். அதை முழுக்க வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது நம் நாட்டில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரையில் எத்தனால் கலக்கிறார்கள். 1960-களில் செய்த ரப்பர் குழாய்களை அது இளக்கி அரித்துவிடும். பெட்ரோல் கசிந்து சூடான என்ஜின்மேல் சொட்டினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகையால் குழாய்களையும் பம்ப்பின் டயாப்ரமையும் எத்தனாலைத் தாங்கும் புதுச் சரக்காக மாற்றிவிடுங்கள். பிரேக் ஸிலிண்டர்களையும், எலி கடித்த ஒயர்களையும் பற்றி யோசனையே வேண்டாம். பழசைக் கழற்றிப் புதிது போட வேண்டியதுதான்.

ஹெரால்டுக்கென்றே ஒரு தனி ஆபத்தும் உண்டு. முன் சக்கரங்களைத் தாங்கும் தண்டு, டிரன்னியன் என்னும் மரை போட்ட வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையும் சுழலும். அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் விட வேண்டும். பலர் கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாகப் போவதில்லை. உள்ளே காய்ந்து துருவேறி, ஒரு நாள் தண்டு முறிந்து, சக்கரம் படுத்துவிடும். பெயிண்டு அடிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பாகவே இந்த இரண்டு தண்டுகளையும் கழற்றிப் பார்ப்பது அவசியம். வண்டியில் உட்காரப்போவது நம் குழந்தை குட்டிகள் அல்லவா?

உதிரி பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். டிரயம்ப் ஹெரால்டின் பாகங்கள் பலவற்றை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். செலவு செய்தால் தருவித்துக்கொள்ளலாம். ஆனால் நான்கு கதவு வண்டியின் பின்கதவு அங்கே எப்படிக் கிடைக்கும்? அங்கேதான் அந்த வண்டியே பிறக்கவில்லையே! ஆகவே நான்கு கதவு வண்டியானால் கதவுகளும் கண்ணாடிகளும் முழுசாயிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

★

இரும்புக்கு அடுத்தபடி காகிதம். ஆர்.ஸி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? காலமான பெரியவர் பெயரில் இருந்தால், வாரிசுகள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். "புஸ்தகம் எங்கேயோ இருக்கிறது, அப்புறம் தருகிறேன்" என்றால், நீங்களும் பணத்தை அப்புறம் தருவதே நியாயம்.

பழைய வண்டிகளுக்கென்று மத்திய சர்க்கார் 2021-இல் தனி விதிகள் செய்திருக்கிறார்கள். முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டியைப் புராதன வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே நீடிக்கலாம். புதிதாகப் பதிவு செய்ய ரூ. 20,000 கட்டணம், பத்து வருஷம் செல்லும். ஆனால் இவ்விதம் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல் போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். தினம் கறிகாய் வாங்கப் போக முடியாது. சட்டத்தையோ கூட்டையோ என்ஜினையோ மாற்றி அமைத்துவிட்டால் இந்தத் தகுதியும் போய்விடும். "டீஸல் என்ஜின் வைத்துவிடலாமே" என்று யோசனை சொல்லும் அண்டை வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

★

இவ்வளவும் சொன்ன பிறகு முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கொட்டகையில் சும்மா கிடக்கும் மோட்டார் மெள்ள மெள்ளத்தான் கெடுகிறது. அதற்கு நிஜமான கண்டம், ஆசையோடு வாங்குகிறவரிடம்தான் இருக்கிறது. முதல் மாதம் உற்சாகமாக எல்லாவற்றையும் கழற்றுவார். மூன்றாம் மாதம் பணம் தீரும். ஆறாம் மாதம் ஊர் மாற்றல் வரும். போல்ட்டுகள் ஒரு டப்பாவில், கதவு மாடியில், என்ஜின் மேஸ்திரி வீட்டில். எது எங்கே பொருந்தும் என்பது கழற்றியவருக்கே மறந்துபோகும். அப்புறம் அது மோட்டார் அல்ல. காயலான் கடைக்குரிய இரும்பு. பத்து வருஷத் தூசியிலிருந்து ஒரு வண்டியை மீட்டுவிடலாம். பாதி பிரித்துப் போட்டதை மீட்பது அரிது.

ஆகவே ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் பிரிக்காதீர்கள். முதலில் நிற்பதற்கு பிரேக், பிறகு ஓடுவதற்கு என்ஜின், அழகு கடைசியில். கழற்றுமுன் ஒரு படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். வாங்கின விலைக்குச் சமானமாக இன்னும் சில மடங்கு செலவாகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்த பிறகு சொல்வது குடும்ப சமாதானத்துக்கு உகந்ததல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டியைத் தேடுவதற்கு முந்தியே ஒரு மேஸ்திரியைத் தேடுங்கள். ஹெரால்டைக் கைப்பழக்கமாக அறிந்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. அவர்களுடைய வித்தை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அப்படி ஒருவர் கிடைத்தால், வேலை நடக்கும்போது வீட்டுப் பையனையோ பெண்ணையோ பக்கத்தில் நிற்கவைத்து ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வண்டியோடு வித்தையும் மிஞ்சும்.

சட்டம் கெட்டி, காகிதம் சுத்தம், மேஸ்திரி தயார் என்றால் தாராளமாக வாங்குங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும், வண்டிக்காரரிடம் "சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, மழை படாமல் மூடி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இத்தனை வருஷம் காத்திருந்த ஹெரால்டு, தகுந்தவர் வரும் வரையில் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கும்.