அச்சில் எடுத்தால் கலை இல்லையா?

பெரு நாட்டுப் பழைய மண்பாண்டங்களைப் பற்றி நான் படித்ததில் பெரும்பாலும் ஒரே பல்லவிதான். மோச்சே மக்கள் செய்தது கலை. அவர்களுக்குப் பின் வந்த சிமு மக்கள் செய்தது அச்சில் எடுத்த மலிவுச் சரக்கு. எனக்கு இது சரியாகப் படவில்லை.

சிமு அரசு பெருவின் வடகடலோரத்தில், ஏறத்தாழ கி.பி. 900 முதல் இன்கா படை வந்து பிடித்த 1470 வரை இருந்தது. தலைநகரம் சான் சான், இன்றைய ட்ருஹியோ ஊருக்குப் பக்கத்தில். அவர்கள் பாண்டங்கள் அனேகமாகக் கறுப்பு. சூளையில் காற்றை அடைத்துப் புகைய விடுவார்கள். மண் சிவக்காமல் கறுத்துவிடும். சுடும் முன்பே தேய்த்து மெருகேற்றியிருப்பதால் உலோகம் போல மின்னும்.

லாமா, கடல்சிங்கம், பறவை, பூசணிக்காய், கோரைப் படகில் போகும் மனிதன் என்று குடுவையே ஓர் உருவமாக இருக்கும். மேலே இரண்டு குழாய்கள் வில்போல வளைந்து ஒரே வாயாகச் சேரும். அந்த வாயின் அடியில் பல குடுவைகளில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அங்கே என்ன வேலை? தண்ணீர் ஊற்ற அது தேவையே இல்லை. சரக்கைத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைப்பவன் குரங்கை உட்கார வைப்பானா? இரட்டைக் குடுவைகள் சிலவற்றில் தண்ணீர் விட்டுச் சாய்த்தால், உள்ளே காற்று நெருக்கப்பட்டு விசில் அடிக்கும்!

மோச்சேக்காரர்களின் முகக் குடுவைகள் இதைவிட நுட்பமானவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவையும் அச்சில் எடுத்தவைதானே? குயவர் சக்கரம் அந்தப் பக்கமே கிடையாது. இரண்டு பாதி அச்சுகளில் களிமண்ணை அழுத்தி ஒட்டுவது இரு மக்களுக்கும் பொது. ஒருவருக்குத் திறமை என்றும் மற்றவருக்குக் குறை என்றும் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. இவற்றில் ஏராளமானவை கல்லறைகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி விற்கப்பட்டவை. யாருடைய தலைமாட்டில் இருந்தது, கூட என்ன வைத்தார்கள் என்ற விவரம் அதோடு போயிற்று. கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். புதைத்த வீட்டாருக்கு அது ஒன்றே ஒன்று.

ட்ருஹியோவுக்கு அருகே வான்சாக்கோ கடற்கரையில் மீனவர்கள் இன்றும் கோரைப் படகில் கடலுக்குப் போகிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கறுப்புக் குடுவையைப் பாருங்கள். அதே வளைந்த முனை.