அன்பா? ஆள் பிடிப்பா?

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்து ஒரு சங்கடத்தைச் சொன்னார். அவருடைய மனைவியார் விஷக்காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தாராம். அந்தப் பத்து நாளும் அடுத்த தெருக் கிறிஸ்தவ அம்மாள் ஒருவர் காலையும் மாலையும் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தாராம். பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினாராம். ஆஸ்பத்திரிக்கும் துணைக்குப் போனாராம். காய்ச்சல் நின்றது. பதினோராம் நாள், "தம்பி, வெள்ளிக்கிழமை ஜபக் கூட்டத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்துவிட வேண்டும்" என்றாராம்.

"எனக்கு எந்தச் சாமியிடத்திலும் நம்பிக்கை கிடையாது. போகாவிட்டாலோ நன்றி கெட்டவன் ஆவேன். நான் என்ன செய்வது?" என்று தோழர் கேட்டார்.

இது அந்த அம்மாள் தாமாகக் கண்டுபிடித்த வழி அல்ல. தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்தால் ஜனங்கள் கேட்பதில்லை. ஆகையால் அண்டை வீட்டுக்காரனுக்கு அன்றாடம் சிறு சிறு உபகாரம் செய், அதன் மூலமாகவே விசுவாசம் அவன் மனதில் புகும் என்று கிறிஸ்தவப் பிரசாரகர்கள் போதித்து வருகிறார்கள். ஆகவே இதைச் சற்று விசாரிப்போம்.

முதலாவது, அந்த அம்மாளை நாம் நிந்திக்கப் போவதில்லை. நிந்திக்க வேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள். அந்தத் தோழருக்கு அதே ஊரில் பங்காளிகள் எத்தனை பேர்? சம்பந்திகள் எத்தனை பேர்? கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க வாசலுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவராவது ஒரு செம்பு கஞ்சி கொண்டு வந்தார்களா? இல்லையே! இப்படிப்பட்டவர்கள் "மதம் மாற்றுகிறார்கள்" என்று கூச்சல் போட என்ன யோக்கியதை இருக்கிறது?

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஏற்பட்ட கதையைக் கேளுங்கள். ஐடா ஸ்கட்டர் என்னும் அமெரிக்கப் பெண், வாலிபத்தில் திண்டிவனத்தில் தகப்பனார் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியருக்குப் பிரசவம் பார்க்க அழைத்தார்கள். அப்பெண்ணுக்கு வைத்தியம் தெரியாது. தகப்பனாரோ வைத்தியர், ஆனால் ஆண் பிள்ளை எங்கள் பெண்டிரைத் தொடக் கூடாது என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். மூன்று பெண்களும் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது எது? மதமும் ஆசாரமும் அல்லாமல் வேறென்ன? அப்பெண் அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்து 1900-இல் திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் தொடங்கினார். இதைக் கிறிஸ்தவர் செய்தார் என்பதற்காகக் குறைத்துச் சொல்வது பகுத்தறிவாகாது.

நிற்க. உபகாரம் நல்லது என்பதனால் உபகாரத்தோடு ஒட்டிக் கொண்டு வருகிற சங்கதியும் நல்லதாகி விடுமா? கஞ்சி காய்ச்சலைத் தணித்தது. அது கன்னி வயிற்றில் பிள்ளை பிறந்ததை ருசுப்படுத்திற்றா? செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பதற்குச் சாட்சி சொல்லிற்றா? நெல் கொடுத்தவன் சொல்லும் கணக்கெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று யாராவது ஒப்புக் கொள்வார்களா? ஒரு கொள்கை மெய்யா பொய்யா என்பதை அறிவைக் கொண்டுதான் பார்க்க வேண்டுமே தவிர, வாங்கிச் சாப்பிட்ட கடனைக் கொண்டு பார்க்கலாமா?

இதை யோக்கியமான பாதிரிகளே உணர்ந்திருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, ஓங்கோலில் இருந்த ஜான் கிளவ் என்னும் பாதிரியார் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டக் கண்டிராக்டு எடுத்துப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். ஏராளமானவர்கள் ஞானஸ்நானம் கேட்டும், பஞ்ச காலத்தில் கொடுக்க மறுத்துவிட்டார். ஏன்? பசித்தவன் "நம்புகிறேன்" என்று சொல்லும் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று அவருக்கே தெரியும். பிறகு 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. பஞ்சம் தணிந்தாலும் பட்ட கடன் தணிந்திருக்குமா என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

அவர்கள் வேதத்திலேயே நல்ல சமாரியன் கதை இருக்கிறதல்லவா? கள்ளர்களிடம் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், சத்திரக்காரனிடம் பணத்தையும் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். "பிழைத்தாயே, எங்கள் மலையில் வந்து கும்பிடு" என்று அவனை அழைத்ததாகக் கதையில் இல்லையே! அவன் செய்தது அன்பு. பிரதி எதிர்பார்த்துச் செய்வதற்குப் பேர் வியாபாரம்.

இனி, இந்த அன்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் பார்ப்போம். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்னும் பாதிரியார் காவி கட்டி, பூணூல் பூண்டு, பார்ப்பனச் சமையல்காரன் கையால் சாப்பிட்டார். அவர் வழியில் மேல்ஜாதியாருக்கு ஒரு வகைச் சாமியார், கீழ்ஜாதியாருக்குப் பண்டாரச் சாமியார் என்று பிறகு இரண்டு வகைப் பாதிரிகள் ஏற்பட்டார்கள். ஒரே ஆண்டவரின் ஊழியர்கள் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை! வடக்கன்குளத்தில் ஒரு பீடத்துக்கு இரண்டு கால்சட்டைக் கால்களைப் போல ஜாதிக்கொரு பக்கமாகக் கோவில் கட்டினார்கள். 1910-இல் பாதிரியார் நடுத் தடுப்பை இடித்தபோது மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பழைய கதை என்பீர்களானால், 2008 மார்ச்சில் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஜாதிக் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு பேர் மாண்டது பழைய கதையா?

சர்க்கார் சங்கதியும் இதற்குக் குறைந்ததல்ல. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி தாழ்த்தப்பட்டவன் கிறிஸ்தவனானால் பட்டியல் ஜாதிச் சலுகை போய்விடுகிறது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் வழி திறந்தார்கள், கிறிஸ்தவனுக்குத் திறக்கவில்லை. சாமி மாறினால் சலுகை போகிறது; ஜாதி மட்டும் போவதில்லை! கஞ்சி கொடுத்து அழைக்கிறவர்கள் இந்த நஷ்டத்தையும் சொல்லித்தான் அழைக்கிறார்களா?

நம் புதுக்கோட்டையிலேயே 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன கலெக்டர், டீக்கடையில் இரட்டைக் குவளையையும் ஐயனார் கோயிலில் அம்மக்களுக்கு இருந்த தடையையும் கண்டார். அந்த மக்களுக்கு வேண்டியது ஒருவேளைக் கஞ்சியா, ஒரே குவளையா? இரக்கம் கொடுக்கிறவனை உயர்த்தும். உரிமைதான் வாங்குகிறவனை நிமிர்த்தும்.

ஆள் பிடிக்காமல் உபகாரம் செய்ய முடியாதா? புதுக்கோட்டையில் தேவதாசிக் குடும்பத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், போக்கிடமில்லாமல் வந்த தேவதாசிச் சிறுமிகளுக்காக 1930-இல் அவ்வை இல்லம் தொடங்கினார்; 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தார். 1990-களின் தொடக்கத்தில் இதே ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தும் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்கள் கூடச் சைக்கிள் ஏறிப் போனார்கள். அவர்களை யாரும் எந்தச் சாமிக்கும் கூப்பிடவில்லை.

ஆகவே அந்தத் தோழருக்கு நாம் சொன்னதாவது: "கஞ்சிக் கடனைக் கஞ்சியால் தீர், அறிவால் தீர்க்காதே. அந்த அம்மாள் வீட்டுக்குப் போய், 'அக்கா, உங்கள் உதவியைச் சாகிற வரையில் மறக்க மாட்டோம். உங்கள் வீட்டில் ஒருவர் படுத்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கூப்பிடுங்கள், வருகிறோம். ஜபத்துக்கு மட்டும் வர மாட்டோம்' என்று கும்பிட்டுச் சொல். அதன் பிறகும் அவர் பழையபடி உன் பிள்ளைகளுக்குத் தலைவாரினால் அது அன்பு. அவரை உன் தாய்போல் மதி. முகத்தைத் திருப்பிக் கொண்டால் அது தூண்டில் என்று தெரிந்து கொள்."

கடைசியாக நமக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பத்து நாளும் அதே ஊரில் சுயமரியாதைக்காரர்கள் நாலு பேர் இருந்தார்களாம்! கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கிய அவர்கள் கையில் ஏன் ஒரு செம்பு கஞ்சி இல்லை? கடவுள் கவனிப்பார் என்று சொல்கிறவன் சும்மா இருக்கலாம். அப்படி ஒருவர் இல்லை என்கிற நாம், மனிதனை மனிதன்தான் கவனிக்க வேண்டும் என்பதைக் காரியத்தில் காட்ட வேண்டாமா?