சிவப்பு போனாலும் விழித்திரையைப் பாருங்கள்

யுவியைட்டிஸ் நோயாளிகளின் விழித்திரைப் பாதிப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

ஜொகூரின் ஸ்கூடாயிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் வாழும் கண் அழற்சி நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். யுவியைட்டிஸ் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும், அது எந்த வகையானாலும், தொடக்கத்திலேயே விழித்திரைக்கு ஓசிடி எனும் குறுக்குவெட்டுப் படம் எடுக்க வேண்டும். கண் வெளுத்த பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை.

கண்ணின் நடுப்படலத்தில் வரும் அழற்சியே யுவியைட்டிஸ். முன்பகுதியில் வந்தால் பெரும்பாலும் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும். சொட்டு மருந்து விட்டால் அடங்கும். நாமும் அதோடு மறந்துவிடுவோம். பின்பகுதியில் வந்தாலோ கண் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கலாம். மூட்டழற்சி உள்ள சிறு பிள்ளைகளுக்கு முன்பகுதி அழற்சிகூடப் பெரும்பாலும் ஓசையில்லாமல்தான் வருகிறது. யுவியைட்டிஸில் பார்வையைப் பறிக்கும் காரணங்களில் முதன்மையானது மாக்குலா வீக்கம்: விழித்திரையின் நடுவே நீர் கோத்துக்கொள்வது. ரத்தக் குழாய் அடைபட்டுப் புதிய பலவீனமான குழாய்கள் முளைக்கலாம், உள்ளே ரத்தம் கசியலாம், சவ்வு படரலாம், விழித்திரையே பிரிந்தும் போகலாம்.

1991இல் உலகுக்கு அறிமுகமான ஓசிடியில் ஊசி கிடையாது, வலி கிடையாது. தாடையைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் ஒளிப்புள்ளியைச் சில நொடிகள் பார்த்தால் போதும். நலமான மாக்குலாவில் நடுவே சிறு பள்ளம் தெரியும். வீங்கியதில் பள்ளம் மேடாகி, ஆப்பத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் உள்ளே கருமையான பொந்துகள் தெரியும். அந்தப் படத்தை நோயாளியின் கண்ணுக்கும் காட்டுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படத்தைப் பார்த்தவர் மருந்தை விடமாட்டார்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் ஜன்னல் கிரில்லைப் பாருங்கள். நேர்க்கம்பி வளைந்தோ நடுவே அழிந்தோ தெரிந்தால் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது ஸ்டீராய்டும் இனிப்புநீரும் சேரும் இடம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அழற்சியை அடக்கத் தரும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். ஏறுகிறதே என்ற பயத்தில் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துபவர்களை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி பார்க்கிறோம். திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பலாம், உடலும் தாங்காது. அவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம், பயம் நியாயமானது. அதற்கான பதில், ஸ்டீராய்டு அளவைப் படிப்படியாகக் குறைக்க உதவும் மாற்று மருந்தைப் பற்றி முன்கூட்டியே பேசுவதுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் முதன்மை ஆசிரியராக 2019இல் வெளிவந்த ஃபாஸ்ட் ஆய்வில், தொற்றால் வராத யுவியைட்டிஸ் உள்ள 216 பேர் கலந்துகொண்டார்கள். அத்தகைய மாற்று மருந்துகளில் விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட், விலை கூடிய மைக்கோபினோலேட்டுக்குப் பின்தங்கவில்லை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். இவற்றை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படி எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடங்கும் முன் காசநோய் இல்லை என்று உறுதிசெய்வதில் சமரசம் கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு வரும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் கண்ணைத் தாக்கும். மதுரையில் வெள்ளத்தைத் தொடர்ந்து அப்படி வந்த நோயாளிகளைப் பற்றி அரவிந்த் மருத்துவர்கள் 1997இல் எழுதினார்கள். 2006–07 வெள்ளத்தைக் கண்ட ஜொகூருக்கும் அது பொருந்தும்: தண்ணீரில் இறங்கினீர்களா என்று கேட்காமல் மருந்து எழுத வேண்டாம்.

இனிப்புநீர் உள்ளவர் விழித்திரைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று கிளினிக்கில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். யுவியைட்டிஸுக்கும் அதே அக்கறை வேண்டும். வலியோடு சிவந்து வெளிச்சம் கூசும் கண்ணைச் சாதாரணக் கண்வலி என்று அனுப்பிவிடாமல், தாமதமின்றிக் கண் நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கிருந்து விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூரின் துவாஸுக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் ஏராளம். கண் தவணைக்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்றால் அவர்கள் தவணையைத்தான் விடுவார்கள். ஆகவே கண் சிவக்காத நாளில் வரும் தவணையையும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பாக ஏற்க வேண்டும் என்று ஜொகூரிலும் அக்கரையிலும் உள்ள நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.