முருகைக் கல்லும் வீட்டுத் தொட்டியும்

கடற்கரைக்கு நெடுந்தூரத்திலுள்ள சென்னிமலைக் குடியானவர்க்கும் நெசவாளர்க்கும் முருகைக் கல்லைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்கக்கூடும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்து மகிழும் வழக்கம் கொங்கு நாட்டு நகரங்களில் வேரூன்றிவிட்டது. நன்னீர் மீனில் கை தேர்ந்தவர் அதனோடு நில்லாமல், உப்பு நீர்த் தொட்டி அமைத்து உயிருள்ள கல் பவழத்தையும் அதில் வளர்க்க ஆசை கொள்வது இயல்பு. ஆசை குற்றமன்று. அதனை நிறைவேற்றிக்கொள்ளும் வழியில்தான் குற்றமும் நஷ்டமும் இருக்கின்றன.

முருகைக் கல் என்பது கல்லுமன்று, செடியுமன்று. அது ஒரு பிராணிக் கூட்டம். (சென்னிமலை ஆண்டவன் திருநாமத்தோடு அப்பெயர் ஒத்தொலிப்பது தற்செயலே.) ஊசித் தலையளவோ மிளகளவோ உள்ள மெல்லுடற் பிராணிகள் ஆயிரக்கணக்காக ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சித் தம் அடியில் கல்லாகப் படியவைக்கின்றன. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குப் புலனாகாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலை வாங்கி உணவு சமைத்துப் பிராணிக்குக் கொடுக்கும். பிராணி பாசிக்கு இடமும் எருவும் கொடுக்கும். நீரின் உஷ்ணம் மிகுந்தால் இக்கூட்டு வாழ்வு முறிந்து, பாசி வெளியேறிக் கல் வெளுத்துப் போகும். நகைக்கடையில் விற்கும் செம்பவழம் வேறு இனம்.

இப்பிராணியைப் பெருக்கும் முறை கொங்கு நாட்டாருக்குப் புதிதன்று. கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி எழுப்பியவரும், மரவள்ளிக் குச்சியை நறுக்கி ஊன்றியவரும் ஒரு முறை கேட்ட அளவில் அதனைப் புரிந்துகொள்வர். கிளைத்து வளரும் அக்ரோபோரா வகையில் விரல் நீளத் துண்டு ஒன்றை எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கி, பீங்கான் வில்லையின்மேல் விரைவாய் இறுகும் பசையால் ஒட்டி, நீரோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வைத்தால், சில வாரங்களில் வெட்டுவாய் மூடி, சதை வில்லையின்மேல் படர்ந்து பற்றிக்கொள்ளும். தாய்க் கிளையும் துளிர்க்கும். நல்ல இடத்தில் கிளைவகை ஆண்டொன்றுக்குச் சுமார் 10 செண்டிமீட்டர் வளரும். உருண்டை வகை 1 செண்டிமீட்டர் வளர்ந்தால் அதுவே பெரிது. ஒரு தாயிலிருந்து எத்தனை துண்டு எடுத்தாலும் எல்லாம் ஒரே வித்து என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றிற்கும் வரும்.

நடுவது எளிது, காப்பது கடினம். உப்பு நீர் என்றவுடன் கிணற்று உப்பு நீர் போதுமென்று எண்ணுவோர் ஏமாறுவர். நொய்யலின் கதையைச் சென்னிமலைப் பக்கத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையானதும், சுற்றுக் கிணறுகள் கெட்டதும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அவர்கள் கண்ட காட்சி. அத்தகைய நீரிலுள்ள உப்பு கடல் உப்பன்று. சாயப்பட்டறைகள் கழிவைச் சுத்தி செய்யப் பயன்படுத்தும் அதே சவ்வூடு வடிகட்டும் முறையால் உப்பும் உலோகமும் நீக்கிய நீரில், லிட்டருக்கு 35 கிராம் வீதம் தொட்டிக்கென விற்கும் கடலுப்புக் கலவையைக் கரைத்தால்தான் முருகைக் கல் பிழைக்கும். 200 லிட்டர்த் தொட்டிக்கு 7 கிலோ உப்பு வேண்டும். மாதந்தோறும் சிறிதளவு நீர் மாற்றும்போதெல்லாம் மீண்டும் வேண்டும்.

அடுத்தது உஷ்ணம். 25 முதல் 27 டிகிரி அதற்கு உகந்தது. 30 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் நீடித்தால் அபாயம். சித்திரை, வைகாசியில் கொங்கு மேட்டு நிலத்தின் வெயில் 40 டிகிரியை நெருங்குகையில், நீரைக் குளிர்விக்கும் யந்திரமின்றித் தொட்டி நடத்த இயலாது. மின்சாரம் சில மணி நேரம் நின்றால் நீரோட்டம் நின்று, பிராண வாயு குறைந்து, ஓராண்டு உழைப்பு ஓரிரவில் அழியும். இதை முன்னரே எண்ணிப் பாராதவர் தொட்டியில் கைவைக்காமலிருப்பதே மேல்.

சுண்ணாம்புச் சத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. வளரும் முருகைக் கல் நீரிலுள்ள சுண்ணாம்பையும் காரத்தன்மையையும் நாளுக்கு நாள் தின்று தீர்க்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரை இரவு வேளையில் சொட்டுச் சொட்டாக விட்டு ஈடு செய்வது மேல்நாட்டுத் தொட்டிக்காரரின் பழைய முறை. ஒரே தடவையாக ஊற்றினால் காரம் ஏறித் தொட்டியிலுள்ள யாவும் மடியும். வெற்றிலைச் சுண்ணாம்புக் கலயத்தைத் தேடி ஓட வேண்டாம். கலப்பற்ற சுண்ணாம்பே இதற்கு ஆகும்.

இத்தனை பாடும் பட ஒருவர் துணிந்தாலும், துண்டு எங்கிருந்து வரும்? முக்கியமான கேள்வி இதுவே. தமிழ்நாட்டிற்கு அண்மையான முருகைப் பார் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்தது. பல பத்தாண்டுகள் அக்கல்லை வெட்டிக் காளவாய்க்கும் கட்டடத்திற்கும் ஏற்றிச் சென்றனர். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1986-இல் அவ்விடம் கடல் தேசியப் பூங்காவாயிற்று. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் உஷ்ணத்தால் வெளுப்பு நோய் கண்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் சிமெண்டுப் பலகைகளில் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் நட்டு, கெட்ட இடங்களை மீட்டு வருகின்றனர். நட்டவர் ஒருபுறம் இருக்க, தொட்டி அலங்காரத்திற்காக மற்றொருவர் பிடுங்கிச் செல்வது, நாற்றங்காலில் மாடு விட்டதற்கு ஒப்பாகும்.

அதனாலேயே 2001-இல் கல் பவழங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள காப்பு இதற்கும் உண்டு. அனுமதியின்றி எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறைவாசம். கரையில் ஒதுங்கிய காய்ந்த கல்லும் சட்டத்திற்குத் தப்பியதன்று. கடைக்காரர் ‘இது வளர்ப்புத் துண்டுதான், பயமில்லை’ என்று வாயால் சொல்வது யாருக்கும் காப்பாகாது.

இது குறித்து இரு சாராரும் வரம்பு கடந்து பேசுகின்றனர். தொட்டி விரும்பிகள் சட்டம் அறிவற்றது, வளர்ப்புத் துண்டால் கடலுக்கு என்ன கேடு என்கின்றனர். கடலிலிருந்து பிடுங்கிய துண்டையும் தொட்டியில் வளர்ந்த துண்டையும் பார்வையால் பிரித்தறிய முடியாதவரை, சட்டத்தின் கண்டிப்பு நியாயமே. மற்றொரு சாரார், இது பணக்காரர் விளையாட்டு, என்றைக்கும் கூடாது என்கின்றனர். இதுவும் பொருந்தாது. ஜெர்மனியில் டீட்ரிக் ஸ்டூபர் என்பவர் 1980-களில் தம் வீட்டுத் தொட்டியில் வளர்த்த அக்ரோபோராவைத் துண்டுகளாக மற்றவர்க்கு வழங்கி, அது ஐரோப்பாவெங்கும் பரவியது. கடலைத் தொடாமலே தொட்டிகள் நிறையலாம் என்பதை அது மெய்ப்பித்தது. அமெரிக்காவில் மோட் கடல் ஆராய்ச்சிச்சாலையின் டேவிட் வான், தொட்டியில் தற்செயலாக உடைந்த சிறு துணுக்குகள் வழக்கத்தினும் பன்மடங்கு விரைவாகப் படர்வதைக் கண்டார். மெதுவாக வளரும் உருண்டை வகைகளைக் கடலில் மீட்க அதுவே இன்று பெருந்துணை. தொட்டியிற் கற்ற கைத்திறன் கடலுக்கே திரும்பியது.

ஆகவே தடையை நீக்கக் கோருவதும் சரியன்று; தடையோடு நின்றுவிடுவதும் சரியன்று. சர்க்கார் மேற்பார்வையில் தூத்துக்குடிக் கரையில் ஒரு நாற்றுப்பண்ணை அமைத்து, விரைந்து வளரும் நாலைந்து வகைகளை மட்டும் தாய்க்கூட்டமாக வைத்து, அவற்றின் துண்டுகளை எண் பொறித்த வில்லையில் ஒட்டி, பதிவேட்டில் பெயரெழுதிக் கொடுக்க வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை கட்டும் வழக்கம் உழவர் அறிந்ததே. அட்டையில்லாத விதையை விவேகி வாங்கான். முதலில் பள்ளி, கல்லூரி, பொதுக் காட்சிசாலைகளுக்குத் தந்து பார்க்கலாம். கணக்கு ஒழுங்காக நின்றபின் வீடுகளுக்கும் தரலாம். எண்ணில்லாத துண்டு திருட்டுத் துண்டென்று அன்றைக்கு எந்த வனக் காவலரும் கூசாமல் சொல்ல முடியும். இன்று அவரால் அதைச் சொல்ல இயலாமையே கள்ளச் சந்தைக்குப் பலம்.

இது நடவாத காரியமென்று கூறுவோர்க்குச் சந்தன மரத்தைக் காட்டலாம். பட்டா நிலத்துச் சந்தனமும் சர்க்காருக்கே என்றிருந்த காலத்தில், தானே முளைத்த கன்றைக்கூட வளரவிட உழவர் அஞ்சினர். 2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு மரத்தின் உரிமை நிலத்துக்காரருக்கு வந்தது. வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே என்ற கட்டு நீடித்தது. நடுவதற்கு மனம் வந்தது அதன் பிறகே. மரத்தினும் முருகைக் கல் நொய்ந்த பொருள் என்பது மெய். ஆதலால் கட்டு இன்னும் இறுக்கமாயிருக்கட்டும்.

அந்நாள் வருமளவும் சென்னிமலை விருப்பக்காரருக்கு வேலை இல்லாமற் போகாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து, கரையோரப் பெண்களுக்கும் அதனை வளர்க்கப் பயிற்சி அளித்துள்ளனர். அத்தகைய பண்ணைக் குஞ்சு இரண்டும், சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறையும் கொண்டு சிறு உப்பு நீர்த் தொட்டி அமைத்து, உஷ்ணம், உப்பு, காரத்தன்மை மூன்றையும் அன்றாடம் ஒரு நோட்டில் குறித்து வரலாம். ஒரு சித்திரை முழுதும் உஷ்ணம் 27 டிகிரியைத் தாண்டாமலும், காரத்தன்மை ஏறி இறங்காமலும் அந்நோட்டு காட்டுமாயின், எண்ணிட்ட துண்டு கிடைக்கும் காலத்தில் அவர் தொட்டி ஆயத்தமாயிருக்கும்.