பொறுத்தவர் உண்ணும் கனி



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதம். நோயுற்று, உணவில் நாட்டமின்றிப் படுத்திருந்த என் உம்மா, "ஒரு மாம்பழம் கிடைத்தால் தின்னலாம் போலிருக்கிறது வாப்பா" என்றார்கள். கடைவீதிக்கு விரைந்தேன். தங்கம் போல் தகதகத்த பங்கனப்பள்ளியில் இரண்டு கிலோ வாங்கி வந்தேன்.

உம்மா பழத்தின் காம்புப் பக்கத்தை முகர்ந்து பார்த்தார்கள். மணமே இல்லை. அறுத்தோம். தோல் மட்டும் மஞ்சள். சதை வெளிறிக் கிடந்தது. கொட்டையருகே ஒரே புளிப்பு. ஒரு துண்டுக்கு மேல் அவர்களால் உண்ண இயலவில்லை. "நிறத்தை வாங்கி வந்திருக்கிறாய், பழத்தை வாங்கவில்லை" என்றார்கள்.

நான் பட்டம் பெற்றவன். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். எனினும் அன்று படுக்கையிலிருந்தபடியே அவர்கள் சொல்லித் தந்ததை நான் எந்தக் கல்லூரியிலும் கற்றதில்லை. அதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, காய் முற்றியிருக்க வேண்டும். முற்றும்போதுதான் காய்க்குள் மாவுச்சத்து நிறைகிறது. பழுக்கும்போது அந்த மாவுச்சத்தே சர்க்கரையாகிறது. இளங்காயை எத்தனை நாள் மூடி வைத்தாலும் அது சுருங்குமேயன்றி இனிக்காது. முற்றிய காயில் காம்பு சிறு பள்ளத்தில் அமர்ந்திருக்கும். அதன் இருபுறமும் தோள்கள் உயர்ந்து, கன்னங்கள் புடைத்திருக்கும். வாளி நீரில் இட்டால் முற்றியது அமிழும், இளங்காய் மிதக்கும். நிறத்தை நம்பாதீர்கள். செந்தூரம் காயாக இருக்கும்போதே சிவந்து நிற்கும்; இமாம் பசந்த் நன்கு கனிந்த பின்னும் பச்சையாகவே தோன்றும்.

இரண்டாவது, பழுக்க வைக்கும் முறை. காம்பிலிருந்து வடியும் பால் தோலில் பட்டால் அவ்விடம் கறுத்துவிடும். எனவே காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கொள்ளுங்கள். மூங்கில் கூடையிலோ மரப்பெட்டியிலோ வைக்கோல் பரப்பி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, மேலும் வைக்கோலால் மூடுங்கள். வைக்கோல் கிடைக்காத நகரவாசிகளுக்குச் செய்தித்தாள் போதும். பிளாஸ்டிக் பை வேண்டாம். அதற்குள் வியர்த்து அழுகிவிடும். விரைவு வேண்டுமாயின், கனிந்த வாழைப்பழம் இரண்டை உடன் வையுங்கள். அதிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு காய்களைக் கனியத் தூண்டும். நாள்தோறும் பார்த்து, பழுத்ததை எடுத்துவிடுங்கள், அழுகியதை அகற்றிவிடுங்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு நாட்களுக்குள் பழுத்துவிடும். காம்பருகே மணம் எழுந்து, பெருவிரலால் மெல்ல அழுத்தினால் இளகினால் அது கனி. காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் தோல் கறுக்கும், பழுப்பதும் கெடும். பழுத்த பிறகு வைக்கலாம்.

மூன்றாவது, கார்பைடு கல். ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். இரும்பைப் பற்றவைக்கப் பயன்படும் அதே வாயு! அக்கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுகளின் கலப்பும் உண்டு. அவ்வாயுவைக் கொண்டு பழுக்க வைத்த பழங்களை விற்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த 2016இல் அனுமதி தரப்பட்டது. ஆயினும் எந்த வாயுவாலும் இளங்காயில் இல்லாத இனிப்பை உண்டாக்க முடியாது.

வியாபாரியை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட இயலுமா? மரத்திலுள்ள கனியின் பக்குவம் தெரியவரும் முன் அதை விற்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்பவரை மட்டுமன்று, வாங்குபவரையும்! பங்குனியிலேயே பழம் தேடி ஓடிய என் அவசரமும் அந்தக் கல்லுக்கு விலை கொடுத்ததன்றோ?

அவ்வாண்டு வைகாசியில், உம்மா சொன்னபடி முற்றிய காய்களாகப் பார்த்து வாங்கிக் கூடையில் வைத்தேன். ஆறாம் நாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்து அறைக் கதவைத் திறந்தபோது வீடே மணத்தது. உம்மா ஒரு முழுப் பழத்தைச் சுவைத்து உண்டார்கள், கொட்டையையும் விடவில்லை. அடுத்த பருவம் வரும் முன்னரே அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள்.

இம்முறை பருவம் வரும்வரை பொறுத்திருங்கள். வந்ததும் பழத்திற்குப் பதிலாக முற்றிய காய்களை வாங்கி, உங்கள் வீட்டிலேயே பழுக்க வையுங்கள். கூடையின் மேல்மூடியைத் திறக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதற்கனியை வீட்டிலுள்ள முதியவரின் கையில் கொடுங்கள்.